எந்தப் புதூர்?

என்னுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், நீல மையில் ஒரு வரி இருக்கிறது: "கொள்ளுத்தாத்தா பிறந்தது புதூர். பெரியப்பா சொன்னது." அவ்வளவுதான். அதை எழுதியபோது எனக்கு வயது 22. பெரியப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். நல்ல நினைவோடு, கேட்டதற்கெல்லாம் மேலேயே பேசுகிற மனநிலையில் இருந்தார். "எந்தப் புதூர், பெரியப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பெரியப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நோட்டைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான்.

புதூர் என்றால் புதிய ஊர். பழைய இடத்தை விட்டு வந்தவர்கள் புதிதாகக் குடியேறிய எந்த இடத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும். இது தமிழுக்கு மட்டும் உரிய சங்கடம் இல்லை. ஜெர்மானியர்கள் நோய்ஷ்டாட் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வில்நவ் என்றார்கள், ஆங்கிலேயர்கள் நியூட்டவுன் என்றார்கள். ரஷ்யாவின் நோவ்கோரத்துக்கும் அதே பொருள்தான். அதிலும் வெலிக்கி நோவ்கோரத், நீஷ்னி நோவ்கோரத் என்று இரண்டு பெருநகரங்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ், பாலஸ்தீனத்தின் நாப்லஸ் இரண்டுமே 'நியாபொலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை, அதாவது புது நகரம். எந்த நாட்டில் குடும்ப வரலாறு தேடினாலும் ஒரு புதூர் குறுக்கே வந்து நிற்கும்.

ஊர்ப்பெயரை நான் வெறும் அலங்காரமாக நினைத்திருந்த காலம் அது. பெயர், தேதி, ஊர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதை ஏதாவது எழுதி நிரப்பிவிட்டால் சரி. பிறகுதான் புரிந்தது, ஒரு ஆள் எங்கே பிறந்தார் என்பது அவருடைய ஆவணம் இன்று எந்த அலமாரியில் இருக்கிறது என்பதற்கான முகவரி. பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவேடு, நிலப் பத்திரம், கணக்கெடுப்புத் தாள் எல்லாமே ஏதோ ஓர் ஆட்சி எல்லைக்குள் எழுதப்பட்டு, அந்த எல்லைக்கு உரிய இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டவை. ஊர் பிசகினால் நாம் வேறு கட்டடத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். அங்கே இருப்பவர்கள் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். நாம்தான் "ஆவணம் அழிந்துவிட்டது போல" என்று தேடலையே மூடிவிடுவோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நண்பரின் மனைவி வழிக் குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அவருடைய கொள்ளுப்பாட்டியின் மரண அறிவிப்பு ஒன்று கையில் இருந்தது. அதில் 'பெர்லினில் பிறந்தவர்' என்று மட்டும் இருந்தது. குடும்பப் பெயரும் ஜெர்மன் பெயர். மென்பொருளில் பெர்லின் என்று தட்டினேன். கீழே ஒரு பட்டியல் விரிந்தது. முதலில் இருந்தது 'பெர்லின், ஜெர்மனி'. அதைத் தொட்டேன், கட்டம் நிரம்பியது, அழகாகவும் தெரிந்தது. நண்பர் வீட்டார் ஜெர்மனிக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள். ஒன்றரை வருடம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்தப் பாட்டியின் திருமணப் பதிவின் படம் கிடைத்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெர்லின் என்று சாய்ந்த எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு அப்புறம், கோட்டை ஒட்டி, இடம் போதாமல் நெருக்கி எழுதிய மூன்று எழுத்துகள். முதலில் மைக்கறை என்றே நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒன்டாரியோ என்பதன் சுருக்கம். கனடாவில் பெர்லின் என்று ஒரு ஊர் இருந்தது. பென்சில்வேனியாவிலிருந்து வந்த மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களும் பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களும் குடியேறிய ஊர் அது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916இல், அதன் பெயரை கிச்சனர் என்று மாற்றினார்கள். இன்றைய வரைபடத்தில் ஒன்டாரியோவில் அந்தப் பெர்லினைத் தேடினால் கிடைக்காது, கிச்சனர்தான் கிடைக்கும்.

தவறு என்னுடையது. பெர்லின் என்பது ஆவணம் சொன்னது. ஜெர்மனி என்பது நான் சேர்த்தது. இரண்டையும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் போட்டதால் எது ஆவணத்தின் சொல், எது என் ஊகம் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. அதற்குள் இணையத்தில் வேறு சில உறவினர்களும் என் பதிவைப் பார்த்துத் தங்கள் மரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நான் என்னுடையதைத் திருத்திவிட்டேன். அவர்களில் சிலரிடம் சொல்லியும் பார்த்தேன். ஆனால் 'பெர்லின், ஜெர்மனி' இன்னமும் அங்கங்கே உலவிக்கொண்டிருக்கிறது. ஐந்து மரங்களில் ஒரே தகவலைப் பார்க்கிற புதியவர், ஐந்து சாட்சி என்று நினைப்பார். சாட்சி ஒன்றுதான், அதுவும் தவறானது.

அன்றிலிருந்து எந்த ஊர்ப்பெயரையும் மூன்று வரியாக எழுதுகிறேன். முதல் வரி, மூலத்தில் உள்ளபடி. எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு, சுருக்கம் இருந்தால் சுருக்கத்தோடு, படிக்க முடியாத எழுத்து இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு. இரண்டாவது வரி, அது எந்த இடம் என்று நான் நினைக்கிறேன் என்பது. ஊரில் தொடங்கி வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு என்று சிறியதிலிருந்து பெரியதாக. மூன்றாவது வரி, ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது. இந்த மூன்றாவது வரிதான் எல்லோரும் விட்டுவிடுவது. பத்து வருடம் கழித்து என் நோட்டை நானே படிக்கும்போது எனக்கு உயிர் கொடுப்பது அதுதான். "அண்ணன் தம்பி இருவர் பதிவிலும் இதே வட்டம் வருகிறது, அதனால்" என்று அரை வரி இருந்தால் போதும்.

சிறியதிலிருந்து பெரியதாக எழுதும் வரிசை நான் கண்டுபிடித்தது இல்லை. குடும்ப மரக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படும் ஜெட்காம் வடிவத்திலும் இதுதான் வழக்கம். காற்புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். நடுவில் ஒரு நிலை தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் காற்புள்ளியை மட்டும் வைக்கலாம். மாவட்டம் தெரியாதபோது மாநிலத்தை இழுத்து அந்த இடத்தில் உட்காரவைத்தால் பின்னால் குழப்பம் வரும்.

அந்தக் காலப் பெயரை எழுதுவதா, இன்றைய பெயரை எழுதுவதா என்று ஒரு வாதம் இந்தத் தேடலில் இருப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும். இன்றைய பெயர் இருந்தால்தான் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியும் என்பார்கள் ஒரு சாரார். நியாயம்தான். ஆனாலும் என் கட்சி வேறு: நிகழ்ச்சி நடந்த நாளில் அந்த இடத்துக்கு என்ன பெயர், எந்த ஆட்சி என்பதுதான் முதலில் வர வேண்டும், இன்றைய பெயர் பக்கத்தில் குறிப்பாக இருக்கட்டும்.

லிவிவ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1772 முதல் முதல் உலகப் போர் முடியும்வரை அது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த லெம்பர்க். இரு உலகப் போர்களுக்கு நடுவில் போலந்தின் லுவூஃப். பிறகு சோவியத் ஒன்றியத்தின் லிவோஃப். 1991 முதல் சுதந்திர உக்ரைனின் லிவிவ். ஒரே வீட்டில், 1905இல் பாட்டி, 1930இல் மகள், 1955இல் பேத்தி என்று மூன்று பேர் பிறந்திருந்தால், மூன்று பேரும் மூன்று நாடுகளில் பிறந்தவர்கள். யாரும் பெட்டி கட்டவில்லை, எல்லைதான் நகர்ந்தது. மூன்று பேருக்கும் 'லிவிவ், உக்ரைன்' என்று எழுதிவைத்தால், பாட்டியின் பதிவு ஏன் லத்தீனிலோ ஜெர்மனிலோ இருக்கிறது, மகளின் பள்ளிச் சான்றிதழ் ஏன் போலிஷில் இருக்கிறது என்பது படிப்பவருக்கு விளங்காது. நான் இப்படி எழுதுவேன்: லெம்பர்க், கலீசியா, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, இன்று லிவிவ், உக்ரைன்.

பெயர் திரும்பியும் வரும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராத் ஆனது, 1924இல் லெனின்கிராத் ஆனது, 1991இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஆனால் நகரத்தைச் சுற்றியுள்ள மாகாணம் இன்றைக்கும் லெனின்கிராத் மாகாணம்தான். ஆகவே 'லெனின்கிராத்' என்று ஒரு தாளில் பார்த்தால், நகரமா மாகாணமா, தாள் எந்த வருடத்தியது என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

ஊரின் பெயர் மாறாமல், மேலே இருப்பது மட்டும் மாறுவதும் உண்டு. எனக்கு இதுதான் அதிகம் தொல்லை கொடுத்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் போர்ன்மத் 1974 வரை ஹாம்ப்ஷயரில் இருந்தது, பிறகு டார்செட்டுக்குப் போனது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா 1863 வரை வர்ஜீனியாவின் பகுதி. மேய்ன் 1820 வரை மாசச்சூசெட்ஸோடு இருந்தது. 1850இல் 'வர்ஜீனியாவில் பிறந்தவர்' என்று எழுதப்பட்ட ஒருவரை இன்றைய வர்ஜீனியாவுக்குள் மட்டும் தேடினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்தைத் தேடாமல் விட்டதாக ஆகிவிடும்.

கப்பல் பதிவேடுகளிலும் இதே கதைதான். 1860இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தப் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயதோடு ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆவணத்தில் இவ்வளவு விவரம் கிடைப்பது பெரிய கொடை. ஆனால் 'வட ஆற்காடு ஜில்லா' என்று படித்தவுடன் இன்றைய தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடக் கூடாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூரும் சந்திரகிரியும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. ஆக அந்தக் கிராமம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கலாம். கிராமப் பெயரையோ, எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். ழகரம் எல்லாம் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எழுத்தை மாற்றாமல் முதல் வரியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாமே 'திருத்தி' எழுதிவிட்டால் அடுத்து வருபவர் சொல்லிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

தமிழில் குறிப்பு எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். நம் எழுத்தில் க ஒன்றுதான். அதற்குள் இரண்டு ஒலிகள் இருக்கின்றன. இலங்கையின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் காலி. கொலம்பியாவில் உள்ள பெரிய நகரத்தையும் தமிழில் எழுதினால் காலி என்றுதான் வரும். மூலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்கும் பெயர்கள்; நம் நோட்டுக்கு வந்ததும் ஒன்றாகிவிடும். ட, ப எழுத்துகளுக்கும் இதே நிலைதான். அதனால் வேற்றுமொழி ஆவணத்திலிருந்து எடுக்கும்போது முதல் வரியை அந்த மொழியின் எழுத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். தமிழ் வடிவம் இரண்டாம் வரிக்கு. எழுதத் தெரியாத மொழி என்றால் படத்தை வெட்டி ஒட்டிவிடுவேன்.

சுருக்கெழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்துக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் ஒரே இரண்டெழுத்துச் சுருக்கம். ஜார்ஜியா என்றால் நாடா, அமெரிக்க மாநிலமா? முழுதாக எழுதிவிடுங்கள், இரண்டு விநாடி வேலை.

வாய்மொழியில் கேட்கும்போது வேறொரு சிக்கல். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டால், பிறந்த ஊரைச் சொல்பவர் உண்டு, பூர்வீக ஊரைச் சொல்பவர் உண்டு, இப்போது வீடு இருக்கும் ஊரைச் சொல்பவரும் உண்டு. சொந்த ஊர் என்ற சொல்லில் இவை எல்லாமே அடங்கும். தாத்தா கால் வைக்காத ஊரைக்கூடத் தன் சொந்த ஊர் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய தகப்பனார் அங்கிருந்து வந்திருப்பார். இன்னும் சிலர், கேட்பவருக்குத் தெரியாது என்று நினைத்துப் பக்கத்தில் உள்ள பெரிய ஊரின் பெயரைச் சொல்வார்கள். கப்பல் ஏறிய துறைமுகத்தையே ஊராகச் சொன்னவர்களும் உண்டு. ஹாம்பர்க்கிலிருந்து வந்தவர் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும், அவர் அங்கே இருந்தது கப்பலுக்குக் காத்திருந்த சில நாட்களாக இருக்கும். ஆகவே இப்போதெல்லாம் நான் "எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. "எந்த வீட்டில் பிறந்தார்? அந்த வீடு எங்கே இருந்தது?" என்று கேட்கிறேன். பிறந்தது ஓரிடம், பிறப்பைப் பதிந்தது வேறிடம், வளர்ந்தது இன்னோரிடம் என்று இருந்தால் மூன்றையும் தனித்தனி நிகழ்ச்சியாக எழுதுகிறேன்.

ஆவணம் கேட்காத கேள்விக்கு அதனிடமிருந்து பதில் வாங்கவும் கூடாது. இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பு, ஒருவர் அப்போது வசித்த கவுண்டியிலேயே (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா என்று மட்டும் கேட்டது. 'ஆம்' என்று இருந்தால், கணக்கெடுத்த கிராமத்திலேயே பிறந்தார் என்று பொருள் இல்லை. 1851 கணக்கெடுப்பில்தான் எந்தப் பங்கு, அதாவது எந்தத் தேவாலய வட்டாரம், என்றும் கேட்டார்கள். 1841ஐ வைத்துக்கொண்டு கிராமத்தின் பெயரைத் துணிந்து எழுதிய குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவணம் கவுண்டியோடு நிறுத்திக்கொண்டால் நாமும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எழுதிவைப்பது நல்ல பழக்கம். பெயர் மாறினாலும் அந்த எண்கள் மாறாது. வேல்ஸில் கேப்பல் கெலின் என்ற கிராமத்தை 1965இல் நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடித்தார்கள். ஊரே தண்ணீருக்குள் போனாலும் அது இருந்த புள்ளியைக் காட்ட முடிகிறது. ஆனால் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம் என்று அர்த்தம். 'அந்த மாவட்டத்தில் எங்கோ' என்று மட்டும் தெரிந்த ஒருவருக்கு மாவட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி குத்தி நான்கு இலக்கம் கொடுத்தால், யாருடைய வயலிலோ அவரைப் பிறக்கவைத்துவிடுகிறோம். வீடு தெரிந்தால்தான் நான் நான்கு இலக்கம் போடுவேன். ஊர் மட்டும் தெரிந்தால் இரண்டு. மாவட்டம் மட்டும் என்றால் எண்ணே வேண்டாம்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பெரியப்பாவின் தங்கை, அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். பழைய நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். "கொள்ளுத்தாத்தா பிறந்த புதூர் எங்கே இருக்கு, தெரியுமா அத்தை?" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"பேர் எல்லாம் எனக்கு எங்க தெரியும் கண்ணு. ஒரே ஒரு தடவை அப்பா கூட்டிட்டுப் போனாரு. ரயில்ல இருந்து இறங்கி ரொம்ப தூரம் நடந்தோம். ஒரு ஆறு வந்துச்சு. தண்ணி இல்ல, மணல்தான். மணல் சுடுதுன்னு என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டாரு."

"எந்த ஸ்டேஷன்னு ஞாபகம் இருக்கா?"

"ஸ்டேஷனா அது? ஒரு கொட்டகை. பெரிய வண்டி நிக்காதுன்னு அப்பா சொன்னாரு. ராத்திரி ஏறி விடியறதுக்குள்ள இறங்கிட்டோம்."

"ஆற்றுக்கு அந்தப் பக்கமா ஊர், இந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். வெயில் முதுகுல அடிச்சுது."

காலை நேரம், முதுகில் வெயில். அப்படியானால் மேற்கு நோக்கி நடந்திருக்கிறார்கள். நோட்டின் அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. அதற்குக் கீழே புதிதாக எழுதினேன்: "அத்தை சொன்னபடி: ரயிலில் ஓர் இரவு. விடியுமுன் இறங்கியது பெரிய வண்டி நிற்காத சிறிய நிலையம். காலை வெயில் முதுகில் படும்படி நடை. மணல் ஆறு. ஊர் ஆற்றுக்கு அக்கரையில். அத்தைக்கு அப்போது வயது ஆறு அல்லது ஏழு." இடம் என்ற இரண்டாவது வரியில் 'புதூர்' என்று எழுதி, பின்னால் நான்கு காற்புள்ளி போட்டு வைத்திருக்கிறேன். பழைய ரயில்வே வரைபடம் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.